வட்டத்தின் பின்பாதி

ஜனவரி 8, திங்கள்

மெஹருன்னிசா சொன்னதற்காக இதை எழுதவில்லை. என் கையெழுத்து கெட்டுப் போயிருக்கிறது. அதைச் சரிசெய்ய எழுதுகிறேன்.

மெஹருன்னிசா பிசியோதெரபிஸ்ட். காயல்பட்டினத்துக்காரர். வாரத்தில் மூன்று நாள் வீட்டுக்கு வந்து என் வலது கையை மடக்கி நீட்டிவிட்டுப் போகிறார். "தினம் ஒரு பக்கம் எழுதுங்க ஆன்ட்டி. என்ன வேணும்னாலும் எழுதுங்க. கிழிச்சு மட்டும் போட்டுராதீங்க" என்றார். கிழிப்பது என் பழக்கம் என்று அவருக்கு என் மகள் டெல்ஃபின் சொல்லியிருக்க வேண்டும். கான்வென்ட்டில் மதர் எலோயிஸ் எங்களுக்குக் கற்றுத் தந்தது அது. மை சிந்திய பக்கத்தை அடித்துத் திருத்தக்கூடாது. கிழித்துவிட்டுப் புதுப் பக்கத்தில் எழுத வேண்டும்.

இது என் மூன்றாவது முதல் பக்கம்.

நவம்பர் மழையின்போது குளியலறையில் சற்று நேரம் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நடந்தது அவ்வளவுதான். டெல்ஃபின் அதை மூளையில் அடைப்பு என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். டாக்டரும் அப்படித்தான் சொன்னார். ஆஸ்பத்திரி சாம்பாரில் உப்பே இல்லை.

ஜனவரி 10

வலது ஆள்காட்டி விரல் மரத்திருக்கிறது. பனிக்காலம்.

வரவேற்பறைத் திரைகளை மாற்றினேன். பழையவையே நன்றாயிருந்தன. திரும்பவும் மாட்டினேன். மின்விசிறியை மூன்றில் வைத்தும் வியர்த்தது.

ஜனவரி 12

ஜெயசிங் போன் செய்தார். ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர். இப்போது மூத்தோர் தடகளச் சங்கத்தின் செயலாளர். பிப்ரவரி பதினேழில் தருவை மைதானத்தில் மூத்தோர் போட்டியாம்.

"அம்மா, நீங்க மேடையில வந்து உக்காந்தா போதும். கொடி அசைச்சுத் தொடங்கி வச்சு, ரெண்டு மெடலை எடுத்துக் குடுத்தீங்கன்னா எங்களுக்கு அது பெரிய கௌரவம்லா."

"கொடி அசைக்க ரயில்வே ஸ்டேஷன்ல ஆள் இருக்கு, ஜெயசிங். என் பேரை டிஸ்கஸ்ல எழுதும்."

 "ஒடம்பு சரியில்லன்னு டெல்ஃபின் டீச்சர் சொன்னாவளே" என்றார்.

"டெல்ஃபின் கணக்கு டீச்சர். டாக்டர் இல்ல."

எழுதிக்கொண்டார். வட்டு எறிதலில் நான்கு முறை தேசிய சாம்பியனாக இருந்த எமரன்சியானா கொரைரா கேட்கும்போது எழுதாமல் என்ன செய்வார்? பிறகுதான் ஒரு செய்தியை மெதுவாக விட்டார்: அந்நாளில் என்னோடு போட்டி போட்டு எறிந்த பாயும் நாகர்கோவிலிலிருந்து வருகிறாள்.

ஜனவரி 15, பொங்கல்

விடுமுறை நாளிலும் மெஹருன்னிசா வந்தார். பையிலிருந்து மறுபடியும் ஒரு கருவியை எடுத்தார். இரும்புப் பிடி, அதன் தலையில் கடிகாரம் போல ஒரு முள். கையின் பலத்தை அளப்பதாம்.

"ஒரே ஒரு அமுக்கு ஆன்ட்டி. இன்னைக்கு எவ்வளவுன்னு குறிச்சு வச்சாத்தான் அடுத்த மாசம் எவ்வளவு கூடியிருக்குன்னு தெரியும்."

"டிஸ்கஸை யாரும் இறுக்கிப் பிடிக்கிறது இல்ல, மெஹருன்னிசா. விரல் நுனியில சும்மா உக்காந்திருக்கும். கையை வீசுற வேகம்தான் அதை விழாம வைக்கும். கடைசியா ஆள்காட்டி விரலை உரசிட்டுப் போகும். பிடிக்கே அங்க வேலை கிடையாது."

"சரி, இது டிஸ்கஸ் இல்லையே. அமுக்குங்க."

"இன்னைக்கு வேண்டாம்."

"போன தடவையும் இதைத்தான் சொன்னீங்க."

"அடுத்த தடவையும் இதைத்தான் சொல்லுவேன்."

கருவியைப் பையில் போட்டுக்கொண்டார். சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். தூக்கு மூடியைத் திறக்க அவரைச் சொன்னேன், மூடி இறுகியிருந்தது. அவர் இரண்டு விரலில் திறந்தார்.

ஜனவரி 20, சனி

நடக்கப் போவதாக டெல்ஃபினிடம் சொல்லிவிட்டுக் காலையில் தருவைக்கு ஆட்டோ பிடித்தேன். பழைய வட்டைத் துண்டில் சுற்றிப் பையில் எடுத்துப் போனேன். ஒரு கிலோ. மர உடல், இரும்பு விளிம்பு. என் கணவர் சிரில் இருந்தவரை மாதம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைத்து வைப்பார். அவர் போய் ஆறு வருடம். விளிம்பில் துரு ஏறியிருந்தது. புளி போட்டுத் தேய்த்து எடுத்தேன்.

சுற்றாமல் நின்ற இடத்திலிருந்தே எறிந்தேன். காற்று இருந்தது. வட்டு ஆடிக்கொண்டே போனது. எடுத்துவர அதிக தூரம் நடக்க வேண்டியிருக்கவில்லை.

ஜனவரி 21

நேற்றைய பக்கத்தைக் கிழிக்க நினைத்தேன். மீன்காரி வந்துவிட்டாள். ஊளி கேட்டால் பாறை கொண்டுவந்திருக்கிறாள்.

ஜனவரி 24, புதன்

விதியை எழுதிவைக்கிறேன். ஜெயசிங்குக்கே பாதி மறந்திருக்கும்.

எறிபவள் ஒரு வட்டத்துக்குள் நிற்கிறாள். எறிந்தபின், வட்டு தரையைத் தொட்ட பிறகுதான் வட்டத்தை விட்டு இறங்கலாம். அதுவும் பின்பாதி வழியாக. அப்படி இறங்கினால் நடுவர் வெள்ளைக் கொடி தூக்குவார், நாடா பிடித்து அளப்பார்கள். முன்பாதி வழியாக இறங்கினால் சிவப்புக் கொடி. அந்த எறி செல்லாது, அளக்கமாட்டார்கள்.

எறி மோசமாகப் போனால் நான் முன்பக்கமாக இறங்கி நடந்துவிடுவேன். விதி அதற்கு இடம் தருகிறது. என் பெயருக்கு நேரே ஒரு மோசமான எண் எந்தப் பட்டியலிலும் கிடையாது. திமிர் என்றார்கள். நான் அதைச் சுத்தம் என்பேன்.

வெளிநாட்டுப் போட்டிக்கு ஆள் எடுத்த வருடமும் அப்படித்தான். அன்றைக்கு இரண்டு எறி வட்டத்தைச் சுற்றிக் கட்டிய வலையில் போய் விழுந்தன. மூன்றாவது கையை விட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, என் தரத்துக்கு அது இல்லை என்று. முன்பக்கமாக இறங்கினேன். வட்டு விழுந்த குழி பாயின் குழியைத் தாண்டி இரண்டடி தூரத்தில் இருந்ததாகப் பிறகு சொன்னார்கள். பாய் விமானம் ஏறினாள். எனக்கு அதில் வருத்தம் கிடையாது. கேட்கிறவர்களிடம் எல்லாம் இதைச் சொல்லியிருக்கிறேன்.

சிரில் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. வேலிக்கு அப்பால் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். சிவப்புக் கொடிக்கு யாராவது கைதட்டுவார்களா?

ஜனவரி 28, ஞாயிறு

பூசை முடிந்து டெல்ஃபின் வீட்டுக்கு வந்தாள். குடையைத் தேடி அலமாரிக்கடியில் கையை விட்டவள் துண்டுப் பொட்டலத்தை இழுத்து எடுத்தாள்.

"மம்மி, என்ன இது?"

"தெரியலையா? வட்டு."

"அது தெரியுது. ஈரமண்ணு ஒட்டியிருக்கே, அதைக் கேக்கேன். நடக்கப் போறேன்னு சொல்லிட்டு இதைத்தான் செய்றீங்களா? சுத்தி விழுந்தா என்ன ஆகும்? கை கால் வராம என் வீட்டுக் கட்டில்ல கிடப்பீங்க. அதுக்கும் குத்தம் சொல்வீங்க, போர்வையில மடிப்பு சரியில்லன்னு."

"உன் வீட்டுப் போர்வையில மடிப்பு சரியா இருக்காதுதான்."

அவள் சிரிக்கவில்லை. வட்டை மேசைமேல் வைத்தாள். அடியில் ஒரு செய்தித்தாளை விரித்துத்தான் வைத்தாள். அதுவாவது என்னிடம் கற்றிருக்கிறாள்.

"நானும் எறிஞ்சேன், ஞாபகம் இருக்கா? எட்டாங் கிளாஸ்ல. மண்டலப் போட்டியில நாலாவதா வந்தேன்."

"உனக்குப் பிறகு ஆர்வம் இல்லாம போச்சு."

"பஸ்ஸுல வரும்போது என்ன சொன்னீங்க? 'வீட்டில யாருக்கும் சொல்ல வேண்டாம். நாம போகவே இல்லன்னு நெனச்சுக்கோ'ன்னு சொன்னீங்க. டாடி வாசல்ல நின்னுக்கிட்டு 'என்னட்டி ஆச்சு'ன்னு கேட்டாங்க. நான் 'மழையால நின்னுபோச்சு'ன்னு சொன்னேன். நாலாவது மம்மி. பதினேழு பேருல."

பதினேழு பேர் என்பது எனக்கு நினைவில்லை. காபி ஆறிவிட்டது. திரும்பச் சூடாக்கினால் கசக்கும் என்றேன். அவள் குடிக்காமல் போனாள்.

ஜனவரி 29

எழுத எதுவுமில்லை.

ஜனவரி 30

பீங்கான் கோப்பை ஒன்று உடைந்தது. வேலைக்காரி அதை மேசையின் விளிம்பில் வைத்திருக்கிறாள். எத்தனை முறை சொல்வது? எடுக்கும்போதே நழுவுகிறது.

பிப்ரவரி 2, வெள்ளி

மெழுகுவர்த்தித் திருநாள். எனக்கு இன்றோடு எழுபத்தைந்து வயது முடிந்தது. டெல்ஃபின் காலையில் கேக் கொடுத்தனுப்பினாள். அவள் வரவில்லை. பள்ளியில் தேர்வு நடக்கிறதாம்.

மாலையில் ஜெயசிங் ஒரு மக்ரூன் பெட்டியும் ஒரு புது வட்டுமாக வந்தார். வட்டைக் கையில் வாங்கியதும் எடை தெரிந்துவிட்டது.

"என்னவே இது? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு உள்ளதா?"

"எழுபத்தஞ்சு ஆயிட்டுன்னா முக்கால் கிலோதாம்மா. விதி அப்படி. எல்லாருக்கும்தான். பாயம்மாவுக்கும் இதுதான்."

"அவளுக்கு இது சரியா இருக்கும்."

பழைய வட்டையே எறிகிறேன் என்று வாதாடினேன். மைதானத்தில் அவர்கள் கொடுப்பதைத்தான் எறிய வேண்டும் என்றார். விதி என்றபிறகு நான் பேசுவதில்லை.

அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு எடுத்துப் பார்த்தேன். இலேசான வட்டு நல்லதற்கல்ல. கனமான வட்டு கையில் தானே உட்காரும். இது பட்டாம்பூச்சி போல எப்போது வேண்டுமானாலும் போய்விடும். விரல்தான் அதை அறிந்து வழியனுப்ப வேண்டும். என் விரலுக்கு அது இருப்பதே தெரியவில்லை. பனி இன்னும் போகவில்லை.

பிப்ரவரி 7

மெஹருன்னிசாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. டெல்ஃபின் சொல்லியிருக்கிறாள். திட்டுவார் என்று தயாராக இருந்தேன். அவர் என் முழங்கையைப் பிடித்துச் சுழற்றியபடி, "சுத்தாதீங்க. நின்ன இடத்துலயே எறியுங்க. இல்லன்னா இடது கையால எறியுங்களேன், அது நல்லாத்தானே இருக்கு" என்றார்.

"இடது கையால நான் சிலுவை அடையாளம்கூடப் போட்டதில்ல."

"நாங்களும் அதால சாப்பிடுறதில்ல. ஆனா ஆன்ட்டி, எறியிறதுக்கு என்ன?"

கருவியை எடுக்கப் போனார். என் முகத்தைப் பார்த்துவிட்டு எடுக்கவில்லை.

பிப்ரவரி 9, 11, 12

மூன்று நாளும் தருவைக்குப் போனேன். எழுதியவற்றைக் கிழித்துவிட்டேன்.

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு கோயிலை விட்டு இறங்கும்போது படியில் டெல்ஃபினைப் பார்த்தேன். "சனிக்கிழமை வருவியா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? நீங்க மூணு தடவையும் முன்னால இறங்கிப் போறதைப் பார்க்கவா?" என்றாள். ஆள் கூட்டம். எல்லார் நெற்றியிலும் சாம்பல்.

பிப்ரவரி 16, வெள்ளி

பாய் வந்துவிட்டாள். லாட்ஜில் தங்கவிடுவது மரியாதையில்லை என்று நான்தான் அழைத்திருந்தேன். முழுப்பெயர் ஞானசுந்தரபாய். முழங்கால் இரண்டும் மாற்று வைத்தவை. சர்க்கரை வியாதி. ஆட்டோவை விட்டு இறங்கும்போதே சத்தம்.

"எட்டி எமரா, நீ இன்னும் சாவலியா?"

"செத்தாலும் உனக்கு முன்னாலதான். நீ ரெண்டாவதாத்தானே வருவ."

கட்டிப்பிடித்துக்கொண்டாள். என் வலது கையைத் தன் கையில் எடுத்து, ஒன்றும் கேட்காமல், உள்ளங்கையைப் பெருவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தாள். அப்புறம் விட்டாள். எறிகிறவளுக்கு எறிகிறவள் கை தெரியும்.

தவக்கால வெள்ளி, இறைச்சி கூடாது என்பதால் மதியம் மீன்குழம்பு வைத்தேன். அவள் சபை வேறு. அவளுக்கு நோன்பு கிடையாது. இருந்தும் எனக்காகக் கோழி கேட்காமல் சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே பேசினாள்.

"அப்பமெல்லாம் நீ எறிஞ்ச உடனே நான் டிஸ்கஸைப் பாக்கமாட்டேன் பாத்துக்கோ. உன் காலைத்தான் பாப்பேன். எந்தப் பக்கம் எறங்குதுன்னு. முன்னால எறங்குனா எனக்கு அதிர்ஷ்டக் கோளுதான். நீ கழிச்சுப் போட்டதுல பாதி எனக்குக் கிட்டாத எறி, மக்ளே."

"எனக்குப் பிடிக்காததை நான் எதுக்கு வச்சுக்கணும்?"

"நீ வேண்டாம்னு போட்டதுலதான் நான் ஏரோப்பிளேன் ஏறுனேன். அங்க என்ன ஆச்சு தெரியுமா? பதினொண்ணு பேரு வந்திருந்தாவ. நான் பதினொண்ணாவது. கொச்சுமக்க எல்லாத்துக்கும் சொல்லி வச்சிருக்கேன். 'பாட்டி லோகத்துல பதினொண்ணாவது'ன்னு சின்னவன் ஸ்கூல்ல போய்ச் சொல்லிட்டான்." சோற்றுக் கையோடு சிரித்தாள். "நீயே சொல்லு, உனக்கு அந்த வருசம் எத்தனாவது?"

கடைசியாக வந்ததைப் பெருமையாகச் சொல்கிற பெண்ணை நான் இதுவரை பார்த்ததில்லை. ரசம் ஊற்றினேன். கொஞ்சம் மேசையில் சிந்தியது. அவள் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். துடைக்கத் துணி வைத்திருக்கிறேன் என்று சொல்லவந்தேன். சொல்லவில்லை.

பிப்ரவரி 17

இன்று எழுத முடியாது. கை.

பிப்ரவரி 18, ஞாயிறு

பாயைக் காலை பஸ் ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து கோணலாகத்தான் வருகிறது. வரட்டும்.

நேற்று வெயில் இருந்தது. எழுபத்தைந்து வயதுப் பிரிவில் நாங்கள் மூன்று பேர். மூன்றாவது ஆள் மதுரையிலிருந்து வந்த ஓய்வுபெற்ற நர்ஸ். போன வருடம்தான் எறியத் தொடங்கினாராம். வட்டைத் தோசைத்தட்டு போலப் பிடித்திருந்தார். ஆளுக்கு மூன்று எறி. ஜெயசிங் ஒலிபெருக்கியில் என் பெயரையும் பட்டங்களையும் நீளமாக வாசித்தார். மேடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அப்போதுதான் வேலிக்கு அப்பால் டெல்ஃபினைக் கண்டேன். பள்ளிக்குப் போடும் சேலையில், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

முதல் எறி. மெஹருன்னிசா வேண்டாம் என்றார், நான் சுற்றினேன். கால்கள் நினைவு வைத்திருந்தன. கை வைத்திருக்கவில்லை. பாதிச் சுற்றில் வட்டு விட்டுப் போய் வலையில் அடித்து விழுந்தது. நான் விழவில்லை, வலைக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். சிவப்புக் கொடி. அது விதிப்படி வந்தது. நான் கேட்டு வாங்கியதல்ல.

இரண்டாவது எறியை நின்ற இடத்திலிருந்து எறிந்தேன். வட்டு குப்புற விழுந்து உருண்டது. நர்ஸ் எறிந்ததைவிடப் பக்கத்தில். முன்பக்கமாக இறங்கி நடந்தேன். சிவப்புக் கொடி. மேடையில் யாரோ, "அம்மா இன்னும் அதே ஸ்டைல்தான்" என்றார்கள். கைதட்டினார்கள். ஐம்பது வருடத்தில் முதல்முறையாக அந்தக் கைதட்டல் எனக்குக் கூசியது.

பாய் அதற்குள் பதினொரு மீட்டரைத் தாண்டிவிட்டாள். நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள்.

மூன்றாவது எறி. வட்டத்துக்குள் போய் நின்றேன். கையை இரண்டு முறை வீசிப் பார்த்தேன். வட்டு இருக்கிறதா இல்லையா என்று விரலுக்குத் தெரியவில்லை, தோளுக்குத் தெரிந்தது. தோளை நம்பி விட்டேன். அது பறந்தது. நன்றாகப் பறந்தது என்று சொல்லமாட்டேன். ஒரு பக்கம் சாய்ந்து, நடுங்கி, இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே எங்கோ விழுந்தது. எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பாய்க்கு எட்டாது. நர்ஸுக்கும் எட்டாது.

முன் விளிம்பு என் காலுக்கு முன்னால் இருந்தது. ஓர் எட்டு வைத்தால் போதும். கால் எழுந்தும்விட்டது. நிமிர்ந்தபோது வேலிக்கு அப்பால் டெல்ஃபின் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். முதுகைத் திருப்பிவிட்டாள். வாசலைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். நான் என்ன செய்வேன் என்று பார்க்க அவளுக்கு அவசியம் இருக்கவில்லை. எட்டாம் வகுப்பிலிருந்தே அவளுக்குத் தெரியும்.

காலை வட்டத்துக்குள்ளேயே வைத்தேன். திரும்பினேன். திரும்புவது சுலபமாக இல்லை, தலை சுற்றியது. ஆனாலும் பின்பாதிக்கு நடந்து அங்கிருந்து இறங்கினேன்.

கொடிக்காரர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கையில் சிவப்புக் கொடி தயாராக இருந்தது.

"என்னவே பாக்கீரு? வெள்ளையைத் தூக்கும்."

தூக்கினார். நாடாவை இழுத்தார்கள். ஜெயசிங் ஒலிபெருக்கியை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இதைச் சொல்லணுமா?" என்று கேட்டார். அது ஒலிபெருக்கியிலேயே கேட்டது.

"எதுக்கு அளந்தீரு பின்ன?"

"எட்டு மீட்டர் பதினாலு."

பாய் நாற்காலியில் இருந்தபடியே விசில் அடித்தாள். எழுபத்தாறு வயதுப் பெண், இரண்டு விரலை வாயில் வைத்து. வாசல் வரை போன டெல்ஃபின் அங்கேயே நின்றுவிட்டாள். திரும்பி வந்தாள். வேலியோரம் நின்று கைதட்டினாள். தனியாக, தப்பான நேரத்தில், அவள் அப்பாவைப் போல.

மூன்றாவது இடம். மூன்று பேரில். வெண்கல மெடலை மேடையில் இருந்த ஒருவர் என் கழுத்தில் போட்டார். நாடாவைத் தலைகீழாகப் போட்டார்; சரிசெய்தேன்.

திரும்பும்போது ஆட்டோவில் பாய் முன்னால் டிரைவர் பக்கத்தில் முழங்காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். பின்னால் நானும் டெல்ஃபினும். அந்தோணியார் கோயில் தாண்டியதும், "மம்மி, வீட்டில சொல்லலாமா?" என்றாள்.

என் கையில் மெடல் இருந்தது. கை நடுங்கியது. அவள் பார்க்கட்டும் என்று மறைக்காமல் மடியில் வைத்திருந்தேன்.

"சொல்லு."

கணவனுக்குப் போன் போட்டாள். "மம்மி எறிஞ்சிட்டாங்க. ஆமா, அளந்தாங்க! எவ்வளவா? ஒம்பது மீட்டர் கிட்ட வரும்..."

அவள் கையிலிருந்து போனை வாங்கினேன்.

"எட்டு பதினாலு" என்றேன். "கூட்டிச் சொல்லக் கூடாது."